கிராமத்து மண் ரோட்டுக்கு 3 லட்சத்தில் எந்தப் பழைய கார் வாங்கலாம்?

உங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தாண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 4 கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. வீட்டில் 5 பேர். அம்மாவை மாதம் இரண்டு மூன்று தடவை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அவ்வப்போது சந்தைக்குக் காய் ஏற்ற வேண்டும். மாதத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். கையில் இருப்பது 3 லட்சம். மாமா பொலேரோ என்கிறார், நண்பர் டிசையர் டீசல் என்கிறார், எது நல்ல வண்டி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு உங்கள் கவலை எனக்கு வேறாகப் பட்டது. ராத்திரி 11 மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் சாவியைத் திருப்பினதும் கிளம்புமா? மழை நாளில் ஓடையைத் தாண்டுமா? வழியில் நின்றால் அன்றைக்கே சரிசெய்து தர ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் பதில் எழுதுகிறேன்.

சேலத்தில் 22 வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள், வாங்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு வண்டியாவது பார்த்துவிடுவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் நிலைமைக்கு 2013க்கும் 2017க்கும் இடைப்பட்ட மாருதி வேகன் ஆர் பெட்ரோல் வண்டி ஒன்றைத் தேடுங்கள். வண்டிக்கு மட்டும் 2.40 லட்சத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி 60,000 வண்டி வீட்டுக்கு வந்த பிறகு வேண்டியிருக்கும். இந்த விலைக்கு நல்ல வண்டி கிடைக்க ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டி வரலாம். பொறுங்கள்.

காரணத்தை முதலில் மெக்கானிக்கிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கிராமத்தில் வண்டி வாங்குகிறவர்கள் கடைசியாக யோசிக்கும் விஷயம் அதுதான். காசு கொடுப்பதற்கு முன் ஒருநாள் பென்னாகரம் போங்கள். அங்கே கார் வேலை பார்க்கிற ஒர்க் ஷாப்கள் எத்தனை என்று பாருங்கள். வாசலில் எந்த வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில் போய், வேகன் ஆர் கிளட்ச் கேபிள் இருக்கிறதா, லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை) இருக்கிறதா என்று கேளுங்கள். அதே கேள்வியை நீங்கள் ஆசைப்படும் மற்ற வண்டிக்கும் கேளுங்கள். அலமாரியிலிருந்து உடனே எடுத்து வைத்தால் அது உங்களுக்கான வண்டி. "சேலத்தில் சொல்லிவைத்து நாளைக்கு வரும்" என்றால் யோசியுங்கள். "பெங்களூரிலிருந்து வர வேண்டும்" என்றால் விட்டுவிடுங்கள். மாருதி சின்ன வண்டிகளுக்கு இந்தப் பரீட்சையில் தோல்வியே கிடையாது. அதனால்தான் அதே வருஷத்து மற்ற வண்டிகளைவிட 30,000, 40,000 கூட விலை சொல்வார்கள். உங்கள் தேவைக்கு அந்தப் பணம் வீண் இல்லை.

இதே காரணத்தால்தான் ஃபோர்டு ஃபிகோவை வேண்டாம் என்கிறேன். ஓட்டுவதற்கு அருமையான வண்டி, பாடி கெட்டி, எனக்கே பிடிக்கும். ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. செவ்ரோலெட் 2017 முடிவோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. டட்சன் 2022ல் போனது. இந்த வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஒரு சென்சாருக்காக ஒரு வாரம் வண்டி நின்றாலும் அவருக்கு ஆட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது. உங்களுக்கு அந்த ஒரு வாரம் பெரிய பாடு.

அடுத்தது அடி உயரம், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. வேகன் ஆருக்கு 165 மில்லிமீட்டர், ஆல்ட்டோவுக்கு 160, ரெனால்ட் க்விட்டுக்கும் பொலேரோவுக்கும் 180 என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். இவை ஆளில்லாத வண்டியின் அளவுகள். 5 பேர் ஏறி டிக்கியில் இரண்டு மூட்டை வைத்தால் பின்பக்கம் எவ்வளவு இறங்கும் என்பது அந்த வண்டியின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே புத்தகத்து அளவை நம்பி உட்கார வேண்டாம். ஆள் ஏறிய பிறகு மிஞ்சும் உயரம் என்று தோராயமாக வைத்து ஒரு குச்சியை 14 சென்டிமீட்டருக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அந்த 4 கிலோமீட்டரையும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வாருங்கள். டிராக்டர் தடம் விழுந்த இடத்திலெல்லாம் பள்ளத்தில் குச்சியை நிறுத்தி, நடுமேடு குச்சியின் தலையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஓடையில் இறங்கும் இடத்தையும் ஏறும் இடத்தையும் தனியாகக் கவனியுங்கள். செங்குத்தாக இருந்தால் முன்பம்பர் முதலில் தட்டும், டிசையர் மாதிரி டிக்கி நீண்ட வண்டிக்குப் பின்பக்கமும் தட்டும். என் அனுபவத்தில் இப்படி நடந்து பார்த்தவர்கள் "மொத்தமே அஞ்சாறு இடம்தான் சார்" என்றுதான் திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த அஞ்சாறு இடத்துக்கு இரண்டு டிராக்டர் லோடு கிராவல் கொட்டி நிரவினால் ஆகும் செலவு, பொலேரோவுக்கும் வேகன் ஆருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு துளி. அண்டை அயலாரும் சேர்ந்து கொடுப்பார்கள், பாதை அவர்களுக்கும்தானே.

குச்சி 20 இடத்துக்கு மேல் மறைந்தாலோ, மழைக்காலத்தில் ஓடையில் கெண்டைக்கால் அளவு தண்ணீர் நாள்கணக்கில் நின்றாலோ, நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். அப்போது உங்கள் மாமா சொல்வதுதான் சரி. பொலேரோவின் அடியில் இருப்பது லாரி மாதிரி தனிச் சேசிஸ் (இரும்புச் சட்டம்), பின்னால் பட்டை ஸ்பிரிங். அந்தப் பாதையின் அடியைத் தாங்கும். ஆனால் 3 லட்சத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பொலேரோ பெரும்பாலும் 2010, 2012 மாடலாக, ஒன்றரை இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியதாக இருக்கும். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். 2012 வண்டி 2027ல் மறுபதிவுக்குப் போக வேண்டும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அதோடு பழைய வண்டிக்கான பசுமை வரி, மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்கு முன் டிங்கரிங், பெயிண்ட், டயர் என்று எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை வரும். அதையும் வண்டி விலையோடு கூட்டித்தான் பேரம் பேச வேண்டும்.

டீசலா பெட்ரோலா என்பதற்குக் கணக்கு ஒன்றே போதும். மாதம் 600 கிலோமீட்டர். பெட்ரோல் வேகன் ஆர் உங்கள் பாதையில் 16 கொடுக்கும் என்று வைத்தால் 37.5 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் போட்டால் ஏறத்தாழ 3,800. டீசல் டிசையர் 20 கொடுத்தால் 30 லிட்டர், 93 ரூபாய் போட்டால் 2,800. மாதம் 1,000 மிச்சம், வருஷத்துக்கு 12,000. பழைய டீசல் வண்டியில் டர்போவோ இன்ஜெக்டரோ ஒருமுறை வேலை வைத்தால் இந்த ஒரு வருஷ மிச்சமும் அதற்கு மேலும் போய்விடும். டிசையரில் இருக்கும் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் நல்ல என்ஜின்தான், நான் குறை சொல்லவில்லை. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது சம்பாதித்துக் கொடுக்கும். டில்லிப் பதிவு டீசல் வண்டி மலிவாக வருகிறது என்று புரோக்கர் யாராவது சொன்னால் காரணம் இதுதான்: அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்ட முடியாதபடி கட்டுப்பாடு வந்ததால் அவை வெளி மாநிலங்களுக்குத் தள்ளப்பட்டன. அதை இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் உங்கள் தலையில். வேண்டாம்.

ஆல்ட்டோ 800 ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். செலவு குறைந்த வண்டி, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும். ஆனால் 12 இஞ்ச் சக்கரம் பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு ஏறி இறங்கக் குனிய வேண்டியிருக்கும். வேகன் ஆரின் கதவு உயரம், சீட் உயரம் இரண்டும் முட்டிவலிக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஆல்ட்டோ 800 என்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டுவது டைமிங் பெல்ட் என்கிற ரப்பர் பட்டை. குறித்த கிலோமீட்டரில் மாற்றியிருக்கிறார்களா என்பதை உறுதிசெய்ய வேண்டும். 2010க்குப் பிறகு வந்த வேகன் ஆரின் 998 சி.சி. என்ஜினில் அந்த வேலைக்குச் செயின். அந்த ஒரு தலைவலி குறைவு. ஹூண்டாய் ஐ10 (1.2 கப்பா என்ஜின்) நல்ல நிலையில் உள்ளூரிலேயே கிடைத்தால் அதையும் எடுக்கலாம்.

எந்த மாடல் என்பது பாதி வேலைகூட இல்லை. ஒரே வருஷத்து வேகன் ஆர் இரண்டு வண்டிகளில் ஒன்று இன்னும் 8 வருஷம் ஓடும், இன்னொன்று 8 மாதத்தில் உங்களைக் கடனாளியாக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது 2016ல் பார்த்த ஒரு வெள்ளை வண்டி. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் கூட்டிப்போனார்கள். சென்னைப் பதிவு, ஒரே ஓனர், விலை மார்க்கெட்டைவிட 40,000 குறைவு. என்ஜின் சத்தம் சுத்தம், கியர் வழுவழுப்பு, பாடியில் கீறல் இல்லை. உள்ளே மல்லிகைப்பூ சென்ட் வாசனை தூக்கலாக அடித்தது. எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதத்தில் நடு ரோட்டில் நின்றது. கட்டியிழுத்து வந்து கார்ப்பெட்டைப் பிரித்தால் அடியில் விரல் கனத்துக்குக் காய்ந்த வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டி. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பச்சையாகப் பூத்திருந்தது. அந்த அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, "உங்களுக்கும் தெரியலையே சார்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்த வண்டிக்குப் போனாலும் முதலில் சீட் பெல்ட்டைத்தான் இழுப்பேன். கடைசி வரை, ரீலில் இனி இல்லை என்கிற வரை இழுங்கள். முங்கிய வண்டியில் அந்த அடிப்பகுதியில் பழுப்பாகத் தண்ணீர்க் கோடு இருக்கும். சீட் கவரைப் புதிதாக மாற்றுகிறவர்கள் அதை மாற்ற மாட்டார்கள். பிறகு ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் மண் படிந்திருக்கிறதா, சீட் முன்பின் நகரும் இரும்புத் தடம் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் கேரளா வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடியிலும் வந்த வெள்ளம் என்று முங்கிய வண்டிகள் நிறைய. அவற்றை மழை அதிகம் பார்க்காத நம் பக்கத்து ஊர்களில்தான் கொண்டுவந்து விற்பார்கள்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட்டின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்; டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புங்கள். குளிர்ந்த என்ஜின் முதல் சாவியில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உங்கள் ராத்திரி 11 மணிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கிளம்பினதும் பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வருவது சகஜம். சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்த பிசுபிசுப்பு திட்டாக இருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், ஹெட் கேஸ்கெட் (இவை இரண்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்குமோ என்று சந்தேகம். மூடியில் லேசாக ஒட்டியிருப்பது சின்னத் தூரம் மட்டுமே ஓடும் வண்டியிலும் வரும், அதை வைத்து மட்டும் தள்ளிவிட வேண்டாம். டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சேர்த்துப் பாருங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள், பெடலை நம்புங்கள். 45,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கி, ஸ்டீயரிங் பளபளத்தால் அது ஒரு லட்சத்தைத் தாண்டிய வண்டி. டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருஷம் 23வது வாரம் செய்தது. 2016 வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், ஆனால் நான்கு டயரும் 2022ல் செய்தவை என்றால், முதல் செட் எப்படி அதற்குள் தேய்ந்தது என்று கேளுங்கள். ஆர்.சி.யில் முன்பு டாக்ஸியாக இருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய விவரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், ஆனால் அவர் காட்டும் தார் ரோட்டில் வேண்டாம். உங்கள் வீட்டு ஆட்களையே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மண் பாதைக்கு விடுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒருபக்கம் ஒடித்து மெதுவாக வட்டம் போடும்போது முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது 'கட கட' என்றால் புஷ், லிங்க் ராடு. இவை சின்னச் செலவு, பேரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி அடியில் படுத்துப் பாருங்கள். ஆயில் சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நசுங்கியிருக்கிறதா, சேசிஸ் ஓரத்தில் புது வெல்டிங் தெரிகிறதா? புது வெல்டிங் தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலம் வரும் வழியில் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் நீங்கள் இறங்கி ஏறுவீர்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்கிற அமைப்பு 2014ல் நடத்திய சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, நானோ, போலோ எல்லாமே பூஜ்யம் நட்சத்திரம்தான் வாங்கின. வேகன் ஆரும் அந்தக் காலத்துச் சின்ன வண்டிதான், அதனிடம் அதிசயம் எதிர்பார்க்க முடியாது. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில். உங்கள் பட்ஜெட் வண்டிகள் அதற்கு முந்தியவை. ஆகவே ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.சும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள வேரியன்ட் கிடைத்தால் 20,000 கூடக் கொடுத்தாலும் தகும். பின்சீட்டில் உட்காரும் அம்மாவும் பெல்ட் போடட்டும்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது: மைலேஜ் கொஞ்சம் குறையும், 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகளில் ரப்பர் குழாய், கேஸ்கெட் போன்றவை காலப்போக்கில் மாற்ற வேண்டி வரலாம். என்ஜினே போய்விடும் என்கிற பயத்துக்கு என் ஒர்க் ஷாப்பில் இதுவரை ஆதாரம் வரவில்லை. அது என் ஒரு கடையின் அனுபவம், அவ்வளவுதான். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்காமல் வாரம் ஒருமுறையாவது எடுங்கள்.

பேப்பர் விஷயத்தில் சுருக்கமாக: ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டிமேல் கடன் இருப்பதன் குறிப்பு) இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும், அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் கையில் வாங்கிய பிறகே பணம். எம்பரிவாகன் என்கிற அரசு செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதியையும் நிலுவை அபராதத்தையும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறைய. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 30 நாளைக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

அந்த 60,000க்கு வருகிறேன். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் 15,000க்குள் முடியும். மீதியில் முதல் வாரமே என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா பில்டரும் மாற்றிவிடுங்கள். விற்றவர் போன மாதம்தான் மாற்றினேன் என்றாலும் மாற்றுங்கள். பேட்டரி மூன்று வருஷம் தாண்டியிருந்தால் புதிது போடுங்கள். பின் ஷாக் அப்சார்பர் இரண்டும், டயர் தேய்ந்திருந்தால் முதலில் முன்சக்கரம் இரண்டும். சம்ப்பைக் காக்க அடியில் சம்ப் கார்டு தகடு ஒன்று இரும்புப் பட்டறையில் சொல்லிச் செய்து மாட்டினால் உங்கள் பாதைக்கு நல்லது. வண்டியை வைக்கோல் போர் பக்கத்திலோ தானியம் கொட்டிவைக்கும் இடத்திலோ நிறுத்தாதீர்கள். கிராமத்திலிருந்து எனக்குக் கட்டியிழுத்து வரும் வண்டிகளில் எலி வயரைக் கடித்தவை ஏராளம், பெட்ரோல் குழாயைக் கடித்ததும் உண்டு. ராத்திரி பானெட்டைத் திறந்தே வைத்து, உள்ளே வெளிச்சம் படும்படி நிறுத்தினால் பெரும்பாலும் ஏறாது.

ஓடை பற்றிக் கடைசியாக: தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் இருந்தால் இறங்க வேண்டாம், வேகன் ஆரானாலும் பொலேரோவானாலும். தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த மாதிரி மழை ராத்திரிக்கு, ஓடைக்கு அந்தப்பக்கம் தார் ரோட்டோரம் தெரிந்தவர் வீட்டில் வண்டியை நிறுத்திவைக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சியோடு நடந்து பார்த்துவிட்டு எத்தனை இடம் மறைந்தது என்று எழுதுங்கள். வண்டி ஏதாவது பார்த்துவைத்திருந்தால் வருஷம், கிலோமீட்டர், கேட்கிற விலை, சீட் பெல்ட்டின் கடைசி முனையின் போட்டோ இவற்றைச் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.